பாதிக் கூடாரம்

தொடர்கதை எழுதுகிறவனுக்குப் பாராட்டுக் கடிதங்களால் அதிகப் பிரயோஜனம் இல்லை. படிப்பான், சந்தோஷப்படுவான், மடித்துப் பெட்டியில் வைப்பான். குறை சொல்லி வருகிற கார்டு இருக்கிறதே, அதுதான் அவனை வேலை வாங்குகிறது.

என் சரித்திரத் தொடர் ஒன்றில் இரண்டு வீரர்கள் சேனையை விட்டுப் பிரிந்து மலைப்பாதையில் நடந்து போவார்கள். இரவானதும் கூடாரம் அடித்துப் படுத்துக்கொள்வார்கள். ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஒருவர் கார்டு போட்டார். "ஐயா, இருவர் கையிலும் வேல் இருக்கிறது. தோளில் கட்டுச்சோற்று மூட்டை இருக்கிறது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை. கூடாரத்தை அதுவரை யார் தூக்கி வந்தார்கள்?"

பதில் எழுதப் பேனாவை எடுத்தேன். எடுத்த பேனாவை அப்படியே மூடி வைத்தேன். நான் எழுதிய கூடாரத்தைச் சுமக்க ஒரு ஜோடி மாடாவது வேண்டும். அதுதான் உண்மை.

மானம் போன வேகத்தில் புத்தகங்களைப் புரட்டினேன். என் கதைக்கு உதவாத, ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட சமாசாரம் ஒன்று அகப்பட்டது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரில், முதலில் பெரிய பெரிய கூடாரங்களாகத்தான் கொண்டு போனார்கள். சிப்லி என்ற அதிகாரி அமைத்த கூம்புக் கூடாரம் பதினெட்டு அடி அகலம். பன்னிரண்டு பேர் அதில் படுக்கலாம். ஆனால் அதைத் தூக்க வண்டி வேண்டும். வண்டிக்குப் பாதை வேண்டும். சேனை ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டி வந்தபோது இதெல்லாம் நடக்கவில்லை. ஆகவே 1862-இல் வடக்குப் படையினர் ஒரு புது ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அல்ஜீரியாவில் சண்டை போட்ட பிரெஞ்சு சிப்பாய்களிடமிருந்து கற்றது அது.

ஏற்பாடு இதுதான். ஒரு சிப்பாய்க்கு முழுக் கூடாரம் கிடையாது, பாதிதான். ஐந்தடிச் சொச்சம் நீள அகலமுள்ள ஒரு பருத்தித் துணி. அதன் ஓரங்களில் பொத்தான்களும் காஜாக்களும். பகலெல்லாம் அவன் தன் பாதியைச் சுருட்டி முதுகில் போட்டுக்கொண்டு நடப்பான். இரவில் இன்னொருவனோடு சேர்வான். இரண்டு பாதிகளையும் பொத்தான் போட்டு இணைத்து, துப்பாக்கி முனையிலுள்ள கத்தியைத் தரையில் குத்தி நிறுத்தி, இரண்டு துப்பாக்கிகளுக்கும் நடுவே கயிறு கட்டி, அதன்மேல் துணியைப் போட்டு ஓரங்களை முளையடித்துவிட்டால் வீடு தயார். முன்னும் பின்னும் திறந்த வீடு! 'நாய்க்கூடாரம்' என்று சிப்பாய்களே அதைக் கேலி செய்தார்கள். ஆனால் அதிலேதான் படுத்தார்கள்.

இதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேனா பிடித்த கையால் இதில் ஒன்றைச் செய்து, அதில் ஓர் இரவாவது படுத்து எழுந்தால்தான் அந்த ராணுவக்காரருக்குப் பதில் எழுத யோக்கியதை உண்டு என்று தோன்றிற்று.

கடைத்தெருவில் கெட்டியான கான்வாஸ் துணி வாங்கி வந்தேன். எங்கள் தையற்காரர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஊசி உடைஞ்சா யார் சார் பொறுப்பு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கோணி ஊசியும் முறுக்கு நூலும் வாங்கி நானே உட்கார்ந்தேன். துணி ஓரத்தை இரண்டாக மடித்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் இழை பிரிந்து வந்துவிடும். நூலுக்குத் தேன்மெழுகு பூச வேண்டும். ஏழு அங்குலத்துக்கு ஒரு பொத்தானாக ஒரு பாதியில் ஒன்பது பொத்தான். மற்றதில் ஒன்பது காஜா. அமெரிக்கச் சிப்பாயின் துணியில் இரண்டும் இருந்தன. அதனால் எவனுடைய பாதியும் எவனுடைய பாதியோடும் சேரும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. முதல் பாதியை முடிப்பதற்குள் இடது கைக் கட்டைவிரல் சல்லடையாகிவிட்டது.

பிறகு மழைக்குத் தாங்கும்படி பதப்படுத்த வேண்டும். நெஸ்முக் என்ற புனைபெயரில் எழுதிய ஓர் அமெரிக்கர் 1884-இல் வெளியிட்ட காட்டுவாசப் புத்தகத்தில் அதற்கு வழி சொல்லியிருக்கிறார்: பத்துப் பங்கு சுண்ணாம்பு, நாலு பங்கு படிகாரம், இரண்டையும் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரில் துணியைப் பன்னிரண்டு மணி நேரம் ஊற வைக்க வேண்டும். வெற்றிலைப் பெட்டியிலும் சவரப் பெட்டியிலும் இருக்கிற சாமான்கள்தாம்! முதல் பாதியை ஊற வைத்து, உலர்த்தி எடுத்தேன். இரண்டாவது பாதியைத் தைத்து முடித்தபோது சுண்ணாம்பும் தீர்ந்துவிட்டது. என் உற்சாகமும் தீர்ந்துவிட்டது. அதை அப்படியே மடித்து வைத்தேன்.

"ஒரு பாதி உங்களுக்கு. இன்னொரு பாதி யாருக்கு?" என்று கேட்டாள் என் மனைவி.

"நீ வாயேன்."

"எனக்கு வீடு இருக்கிறது" என்று உள்ளே போய்விட்டாள்.

பையனுக்குப் பரீட்சை. சிநேகிதர்களுக்கு இடுப்பு வலி. யோசித்துப் பார்த்ததில், என்னோடு வெட்டவெளியில் படுத்தவன் உலகத்தில் ஒரே ஒருவன்தான் என்று தெரிந்தது: என் தம்பி. சிறுவயதில் சோளக்காட்டுப் பரணில் இருவரும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு காவல் படுத்ததுண்டு. ஆனால் பாகப்பிரிவினை ஆகி ஏழு வருஷமாக, கல்யாண வீட்டுப் பந்தியில் "சௌக்கியமா?" என்று கேட்டுக்கொள்வதைத் தவிர எங்களுக்குள் பேச்சு இல்லை. சண்டையும் இல்லை. சண்டை இருந்தால் ஒருவேளை பேச்சும் இருந்திருக்கும்.

கடிதம் போட்டேன். "வாங்க அண்ணா" என்று இரண்டே வார்த்தைகளில் பதில் வந்தது.

எங்கள் ஊர் கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது. புரட்டாசி கடைசியில் ஒரு பிற்பகல் போய் இறங்கினேன். தெருக் குழாயிலிருந்து தம்பி மனைவி இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக வந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் குடத்தை இறக்கி வைத்து, "வாங்க" என்றாள். எங்கள் பூர்வீக வீட்டின் பின்கட்டு என் பாகம். கிணறு அதில்தான் இருக்கிறது. பின்கட்டுக் கதவில் நான் போட்ட பூட்டு தொங்கியது. அப்போது இதையெல்லாம் பார்த்தேன். ஆனால் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

மலை ஓரத்திலுள்ள தம்பியின் மாந்தோப்பில் கூடாரம் போட்டோம். துப்பாக்கிக்குப் பதில் இரண்டு மூங்கில் கழிகள். வேலங்கட்டையில் அவனே முளை சீவினான். பொத்தான்களைப் போட்டபோதுதான் என் வேலையின் லட்சணம் தெரிந்தது. ஒரு பாதி மத்தளத்தோல் போல விறைத்து நின்றது. மற்றது சுருக்கம் சுருக்கமாகப் பை விழுந்து தொங்கிற்று.

தம்பி இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தான். "இது தண்ணி பட்ட துணி. சுருங்கிடுச்சு. அது தண்ணி படாத துணி. ரெண்டையும் நனைச்சுட்டு அப்புறமில்ல அண்ணா அளவெடுக்கணும்" என்றான். சொல்லிவிட்டு, தொங்குகிற பக்கத்தில் தன் பாயை விரித்தான்.

இருட்டியதும் மலைமேல் மின்னிற்று. அவன் எழுந்து போய்க் கயிறுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வந்தான். நனைந்த கயிறு குறுகி முளையைப் பிடுங்கும் என்பது நான் புத்தகத்தில் படித்த விஷயம். அவனுக்கு மாட்டுக் கயிறு சொல்லிக் கொடுத்திருந்தது.

மழை வந்தது. பருத்திக் கான்வாஸ் நனைந்ததும் இழைகள் உப்பிக் கண்களை அடைத்துக்கொள்ளும். ஆனால் புதுத்துணி முதல் மழையில் ஒழுகாமல் இராது. என் பக்கம் ஒரு சொட்டு இல்லை. அவன் பக்கம் சுருக்கங்களில் தண்ணீர் தேங்கி, சொட்டுச் சொட்டாக இறங்கிற்று. அவன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, காலை மடக்கிப் பேசாமல் படுத்திருந்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊற வைத்த பாதியை எனக்கென்றும், வைக்காத பாதியை அவனுக்கென்றும் நான் ஒருபோதும் தீர்மானிக்கவில்லை. ஆனாலும் அப்படித்தான் ஆகியிருந்தது. வீடு பிரித்த அன்றைக்கும் இப்படித்தான். மூத்தவன் பிரித்தால் இளையவன் எடுக்க வேண்டும் என்பார்கள். "அண்ணனே எடுத்துக்கட்டும்" என்றான் தம்பி. கிணற்றுக்கட்டை எடுத்துக்கொண்டேன்; பூட்டினேன்; திருச்சிக்கு ரயில் ஏறினேன். ஏழு வருஷமாக அந்தத் தண்ணீரை நானும் குடிக்கவில்லை. குடம் சுமந்தவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இந்தப் பக்கம் வாடா" என்றேன்.

"பரவாயில்ல அண்ணா."

"வாடான்னா!"

வந்தான். இரண்டடி அகலத்தில் இரண்டு கிழட்டுத் தடியன்கள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்துகொண்டோம். பரணில் ஒருநாள் காட்டுப்பன்றி என்று நினைத்து அப்பாமேல் கல் எறிந்த கதையை அவன் ஆரம்பித்தான். எறிந்தவன் நானா அவனா என்பதில் விடியும் வரை தகராறு. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நாங்கள் போட்ட சண்டை அதுதான்.

காலையில் வெளியே வந்து பார்த்தேன். இரவெல்லாம் நனைந்த பாதியும் சுருங்கி, மற்றதற்குச் சமமாக இழுத்துப் பிடித்து நின்றது. பொத்தான் வரிசையில் ஒரு சுருக்கம் இல்லை.

"இது இங்கேயே இருக்கட்டும். நல்லாக் காய வைச்சு மடி. ஈரத்தோடு வைச்சால் பூஞ்சக்காளான் பிடிக்கும்" என்றேன். பிறகு பையிலிருந்து பின்கட்டுச் சாவியை எடுத்து அவனிடம் கொடுத்தேன். ஏதோ பேசவேண்டும் என்றுதான் இருந்தது. கதையில் என்றால் அரைப் பக்கம் பேசியிருப்பேன்.

ராணுவக்காரருக்கு உண்மையை எழுதிவிட்டேன். தொடர் புத்தகமாக வந்தபோது அந்த இரண்டு வீரர்களையும் ஓர் ஆலமரத்தடியில் படுக்க வைத்துவிட்டேன். கூடாரம் அவர்களுக்குக் கட்டுப்படி ஆகாது.

தம்பி அன்று சாவியை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பூட்டு துருப்பிடிச்சிருக்கும் அண்ணா, எண்ணெய் விட்டுத்தான் திறக்கணும்" என்றான்.