தலை முங்கத் தண்ணீர்

கோவைப் பக்கம் வாத்து வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பெரிய குளம் வேணுமுங்க?" என்றுதான். கேள்வி நியாயமானது. ஆயிரம் அடி துளைத்தும் புழுதி பறந்த போர்வெல்லைப் பார்த்தவர்கள் நாம். பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலில் முறைத் தண்ணீருக்குக் காத்துக் கிடந்து பழகியவர்கள். இந்தச் சீமையில் பறவை நீந்துவதற்கென்று குளம் வெட்ட எவருக்கும் கை கூசும். நான் சொல்லும் பதில் இதுதான்: வாத்து உயிர்வாழ நீந்தும் தண்ணீர் அவசியமில்லை. தலை முங்குகிற அளவுக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டும்.

தீவனத்தை ஒரு வாய் அள்ளியதும் தண்ணீருக்கு ஓடுகிற பறவை அது. தண்ணீர் இல்லாமல் தூள் தீவனத்தை மட்டும் வைத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அலகிலும் மூக்குத் துளையிலும் ஒட்டிய தவிட்டைக் கழுவ வேண்டும், கண்ணைக் கழுவ வேண்டும். தலையை முக்க வழியில்லாத வாத்துக்குச் சில வாரங்களிலேயே கண் ஓரம் பொங்கிப் பிசுபிசுக்கும். பல்லடம் பக்கம் பிராய்லர் கொட்டகைகளில் தொங்கும் நிப்பிள் குழாய் கோழிக்குப் போதும், வாத்துக்கு அது தாகத்தை மட்டுமே தீர்க்கும். குளித்து முடித்ததும் வால் அடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டுத் தொட்டு இறகு முழுக்கப் பூசிக்கொள்கிறது பாருங்கள், அந்த வேலை தண்ணீரில் நனைந்த பிறகுதான் சரியாக நடக்கும்.

சரி, குளமே வைத்திருக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. மீனும் வாத்தும் சேர்த்து வளர்க்கும் முறையில் எக்டேருக்கு 200 முதல் 300 வாத்து என்று வைத்திருக்கிறார்கள். எக்டேர் என்றால் 247 சென்ட். ஆக, ஒரு சென்ட் குளத்துக்கு ஒரு வாத்து. அந்த அளவில்தான் எச்சத்தைப் பாசி தின்று, பாசியை மீன் தின்று, குளம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். மீன் விட்டால் ஒரு விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த குஞ்சாக விட வேண்டும், சின்னதாக இருந்தால் வாத்தே விழுங்கிவிடும். நம் வீட்டுப் புழக்கடையிலோ அரைச் சென்ட் குழியில் பத்து வாத்து இறங்குகிறது. தண்ணீர் முதலில் பச்சையாகும், பிறகு பழுப்பாகும், பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார்.

இரண்டு வழிகள்தான் உருப்படியானவை. ஒன்று, நிஜமாகவே பெரிய குளம். மற்றது, அடிக்கடி முழுக்கத் திறந்துவிடக்கூடிய சின்னத் தொட்டி. இரண்டுக்கும் நடுவில் உள்ள குட்டையைத்தான் நான் அஞ்சுகிறேன். சித்திரையில் பாதி வற்றி, வெயிலில் தண்ணீர் சூடேறி, அடிச் சேறு அழுகும்போது அதில் போட்டுலிசம் என்கிற நோயைத் தரும் நஞ்சைச் சுரக்கும் கிருமி பெருகும். செத்த எலியோ மீனோ கிடந்து புழு வைத்துவிட்டால் அந்தப் புழுவைத் தின்கிற வாத்துக்கும் நஞ்சு ஏறும். முதலில் கால் துவளும், அடுத்து கழுத்து நிற்காது. தண்ணீரில் இருக்கும்போது கழுத்து தொங்கினால் மூழ்கியே செத்துப்போகும். குட்டையில் செத்தது எது கிடந்தாலும் அன்றைக்கே எடுத்துப் புதைக்க வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

ஆறடிக்கு நாலடி, ஒன்றரை அடி ஆழம். இந்தச் சிமெண்ட் தொட்டியில் சுமார் ஆயிரம் லிட்டர் பிடிக்கும். ஏழெட்டு வாத்துக்கு அது தாராளம். தொட்டியை மேட்டில் கட்ட வேண்டும். அடியில் மூன்று அங்குலக் குழாய், அதற்கு ஒரு மூடி, அங்கிருந்து தென்னை வட்டப்பாத்திக்கு ஒரு வாய்க்கால். மூடியைக் கழற்றினால் அடி வண்டலோடு எல்லாம் மரத்துக்குப் போய்விடும். சொட்டுநீர்க் குழாயில் மட்டும் இதை விட்டுவிடாதீர்கள், ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கச் சுவரைச் சாய்வாக, சொரசொரப்பாக விட வேண்டும். சில்பாலின் தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டை என்றால் கரையோரம் கோணியோ கல்லோ போட்டு ஏறும் வழி செய்தே தீர வேண்டும். வழுவழுப்பான சரிவில் குஞ்சு ஏற முடியாமல் சோர்ந்துபோகும், ஆட்டுக்குட்டி விழுந்தாலும் அதே கதிதான். மண் கரையாக இருந்தால் கல் பதியுங்கள். வாத்து அலகால் துளைத்துத் துளைத்தே கரையைக் கரைத்துவிடும்.

கழிவுத் தண்ணீரை வாங்கிக்கொள்ள நாலு தென்னையோ ஒரு வாழைக் கட்டோ இல்லாத வீட்டில் வாத்து வேண்டாம் என்பேன். இதைச் சொல்வதால் சிலருக்கு என் மேல் வருத்தம் உண்டு. ஆனால் வாத்துக்காகச் செலவழித்த தண்ணீர் மறுபடியும் வெள்ளாமைக்குப் போனால்தான் கொங்கு மண்ணில் இந்த வளர்ப்புக்கு நியாயம் இருக்கிறது. சாக்கடைக்குப் போனால் இல்லை.

இனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோபிசெட்டிபாளையம் பக்கம் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் நெல் அறுத்த வயல்களில் மந்தையாக மேய்வது நாட்டு வாத்து. ஆரணி வாத்து என்றும் சொல்வார்கள். நடக்கும், தேடித் தின்னும், நம் வெயிலைத் தாங்கும். வயல் நத்தையையும் அது விடாது. கால்நடைக்கு ஈரல் தட்டைப்புழுவைக் கொண்டுவருவது அந்த நத்தைதான் என்பதால், மாடு வைத்திருப்பவருக்கு இது கூடுதல் லாபம். முட்டைதான் குறி என்றால் காக்கி கேம்ப்பெல். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் அடெல் கேம்ப்பெல் என்ற அம்மையார் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கியது. நன்றாகப் பராமரித்தால் வருடத்துக்கு 300 முட்டை வரை இடும். ஆனால் அடை உட்காராது. மஸ்கோவி நன்றாக அடை காக்கும், 35 நாள் அசையாமல் இருக்கும், சத்தமும் போடாது. ஆனால் இறக்கையை வெட்டாவிட்டால் ஓட்டு வீட்டின் மேல் போய் நிற்கும். வாத்துகள் பெரும்பாலும் விடிகாலையிலேயே இட்டு முடித்துவிடும். காலை ஒன்பது மணிக்கு முன்பு பட்டியைத் திறந்தால் முட்டை தண்ணீருக்குள் போகும்.

மஸ்கோவி இல்லாத வீட்டில் அடைக்கு நம் கோழிதான். உடம்பு பெருத்த, முன்பே ஒரு ஈடு பொரித்த கோழியாகப் பார்த்து எட்டு அல்லது ஒன்பது வாத்து முட்டைக்கு மேல் வைக்கக் கூடாது. முட்டை பெரிது, அகண்டு உட்கார்ந்தாலும் ஓரத்து முட்டைக்குச் சூடு போகாது. கோழி முட்டைக்கு 21 நாள், இதற்கு 28 நாள். அந்தக் கூடுதல் ஒரு வாரத்தில்தான் கோழி இளைத்துவிடும். தினம் ஒருமுறை எடுத்துவிட்டு, கம்பும் தண்ணீரும் காட்டி, எச்சமிட விட்டு, திரும்பக் கொடாப்புக்குள் விட வேண்டும். வாத்து தாயாக இருந்தால் குளித்த ஈரத்தோடு வந்து உட்காரும், கோழி அப்படி வராது. அதனால் மூன்றாம் வாரத்திலிருந்து அது இறங்கும் நேரம் பார்த்து முட்டைகள் மேல் வெதுவெதுப்பான தண்ணீரை விரலால் தெளித்துவிடுங்கள். ஓடு தடிப்பு, சவ்வு காய்ந்தால் குஞ்சு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். பொரிந்த குஞ்சுக்குத் தாய் வாத்தின் இறகிலிருந்து ஒட்டும் எண்ணெயும் கிடையாது. முதல் இரண்டு வாரம் நீந்த விடாமல், அலகு முக்க ஒரு தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தால் போதும். மார்கழிக் குளிரில் நனைந்த குஞ்சு தேறுவது கடினம்.

தீவனத்தில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் செக்குப் புண்ணாக்கு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. மாட்டுக்கு ஊற வைக்கும்போது வாத்துக் குஞ்சுக்கும் கொஞ்சம் போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் புரியாமல் செத்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பிடித்திருந்த பூஞ்சணம்தான் அதற்குக் காரணம் என்று பிறகு கண்டார்கள். அஃப்ளாடாக்ஸின் உலகுக்குத் தெரிய வந்தது அப்படித்தான். அந்த நஞ்சுக்கு மிகச் சீக்கிரம் ஈரல் கெடும் உயிர்களில் ஒன்று வாத்துக் குஞ்சு. ஆரம்ப காலத்தில் தீவனத்தில் நஞ்சு உண்டா என்று சோதிக்க ஆய்வகங்களே ஒரு நாள் குஞ்சைத்தான் பயன்படுத்தின. மாடு தின்று ஒன்றும் ஆகாத புண்ணாக்கு, குஞ்சைக் கொன்றுவிடலாம். ஐப்பசி மழையில் ஈரம் ஏறிய மக்காச்சோளமும் அப்படித்தான். வாசம் மாறியிருந்தாலோ, கட்டி தட்டியிருந்தாலோ காயவைத்துப் போடலாம் என்று நினைக்க வேண்டாம், காய்ந்தாலும் நஞ்சு போகாது. பச்சரிசிக் குருணைச் சோறு, நயமான தவிடு, உடைத்த கம்பு, வலை போட்ட தனித் தொட்டியில் வளர்த்த அசோலா, இவை போதும்.

இன்னொரு கடமை வேலிக்கு வெளியே இருக்கிறது. உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர், சூலூர் குளங்களில் புள்ளிமூக்கு வாத்தைப் பார்க்கலாம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நீலச்சிறகி வந்து இறங்கும். ஈரோட்டு வெள்ளோடும் திருப்பூர் நஞ்சராயன் குளமும் இப்போது ராம்சர் தலங்கள். வளர்க்க முடியவில்லை என்று வீட்டு வாத்தைக் கொண்டுபோய் இந்தக் குளங்களில் விடுவதைப் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். மஸ்கோவி தவிர்த்த நம் வீட்டு வாத்தின் மூதாதையான மல்லார்டு, புள்ளிமூக்கு வாத்தோடு இணை சேரும். நோயும் இரண்டு பக்கமும் பரவும். காட்டு வாத்தைப் பிடித்து வளர்ப்பதோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

2014 நவம்பரில் கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளில் பறவைக் காய்ச்சல் கண்டபோதும், அதற்குப் பின்னால் அங்கே வந்த ஒவ்வொரு முறையும், வாளையாறு சோதனைச்சாவடியில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்தடித்து, வாத்தும் முட்டையும் ஏற்றிய வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். வாத்து அந்தக் கிருமியை நோய் காட்டாமலே சுமக்கக்கூடியது. நமக்குக் கிழக்கே பல்லடமும் நாமக்கல்லும் இருக்கின்றன. அங்கே எத்தனை குடும்பங்களின் சோறு கோழியில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். புழக்கடையில் பத்து வாத்து வைத்திருப்பவருக்கும் அந்தப் பொறுப்பில் பங்கு உண்டு. பறவைக் காய்ச்சல் பரவும் மாதங்களில் வாத்துகளை வலைக்குள் அடையுங்கள். தீவனத்தைக் கூரைக்குக் கீழே வையுங்கள், காட்டுப் பறவை வந்து கொத்த வேண்டாம். குளத்தங்கரைக்குப் போன செருப்போடு பட்டிக்குள் நுழையாதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் செத்தால் ஓடையில் வீசாமல், வெறுங்கையால் தொடாமல், பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.