விரலில் வைத்த மை

2019 ஏப்ரல் 18. என் முதல் ஓட்டு. பூத்தை விட்டு வெளியே வந்ததும் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் அகதி முகாமில் பிறந்த நண்பனைப் பார்க்கப் போனேன். என் விரலைப் பிடித்து, மை காய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். "போகவே போகாதாடா?" என்றான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம், ஒரே தேசிய கீதம்தான் பாடினோம். அவனுக்கு ஓட்டு இல்லை.

அந்த டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தினருக்குக் குடியுரிமை. முஸ்லிம்கள் இல்லை. இலங்கை அந்த நாடுகளில் இல்லை, அதனால் அவனும் இல்லை. மாநிலங்களவையில் ஆதரவாக 125 ஓட்டு, எதிராக 105. ஆதரித்தவர்களில் தமிழ்நாட்டு உறுப்பினர்களும் இருந்தார்கள். அதுதான் இன்னும் நெஞ்சில் குத்துகிறது. மேடைக்கு மேடை தமிழர், தமிழர் என்று கேட்டு வளர்ந்தவன் நான்.

இப்போது யாராவது தேசம், இனம் என்று பேச ஆரம்பித்தால் என்னால் கைதட்ட முடியவில்லை. 2024லும் வரிசையில் நின்றேன், ஓட்டுப் போட்டேன். மை வைத்த விரலின் போட்டோ போடவில்லை. அன்று மாலை அவனைப் பார்த்தபோது கையை சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.