குறுக்கே வந்த கரிகாலன்

நாட்டிலே நடமாட உரிமையற்ற உயிர் எது என்று எவரேனும் கேட்டால், நான் தயங்காது சொல்வேன்: கருப்புப் பூனை! நடுச்சாலையிலே காளை படுத்து அசைபோடலாம். பேருந்து ஒதுங்கிப் போகும். குரங்கு கூரை ஓட்டைப் பிரித்தெறியலாம். கும்பிட்டு வாழைப்பழம் நீட்டுவார்கள். ஆனால், நாலைந்து கிலோ எடையுள்ள ஒரு பூனை, தன் பசிக்கு இரை தேடித் தெருவின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்விட்டால் போதும், பட்டம் பெற்ற பெருமகனார் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் திரும்புகிறார், ஒரு குவளைத் தண்ணீர் குடிக்கிறார், சற்றே உட்காருகிறார், பிறகு புறப்படுகிறார்! அவர் கையிலே உலகத்தையே காட்டும் கைப்பேசி. நெஞ்சிலே ஒரு பூனைக்கு நடுக்கம்!

அத்தகைய பூனையொன்று எங்கள் வீட்டிலே வளர்கிறது. 2019 ஐப்பசி மழையிலே கொல்லைப்புறத்து விறகுக் குவியலுக்குள் கிடந்து கத்தியவன். உள்ளங்கை அளவு உடல், உடல் முழுதும் கரி. கரிகாலன் என்று பெயரிட்டேன். "ராசா பெயரைப் பூனைக்கு வைக்கலாமா?" என்று தெருவிலே கேட்டவர்கள் உண்டு. பேரரசர்களின் பெயரைத் தாங்கிய சாராயக் கடைகளைப் பார்த்தபோது இவர்களுக்கு வராத வருத்தம், பூனையைப் பார்த்ததும் வந்ததே என்று எண்ணிக்கொண்டேன்.

பெயருக்கேற்ற வீரன்தான். குட்டியாக இருந்தபோதே அரிசிக் குதிருக்குள் இறங்கிவிட்டு ஏறத் தெரியாமல் ஓரிரவு முழுதும் அரிசிமேல் துயின்றான். தையற்காரர் வீட்டுத் துணி மூட்டைக்குள் புகுந்து கடைவீதி வரை போய் வந்தான். கிணற்றின் உருளையிலே உட்கார்ந்து, உள்ளே தெரிந்த இன்னொரு பூனையை நெடுநேரம் ஆராய்ந்தான். திறந்த கதவைவிட மூடிய கதவிலேதான் அவனுக்கு நாட்டம். ஏன் மூடியிருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது, யார் மூடினார்கள் என்று அறியும்வரை அவன் ஓய்வதில்லை. நம் இளைஞர்களிலே பலருக்கு இந்த நோய் தொற்றினால் நன்றாக இருக்கும்!

ஒருநாள் புளியமரத்துக் கிளையிலிருந்து, அணிலைத் துரத்தியவன், முதுகு கீழாக விழுந்தான். என் தாயார் அலறினார். தரையைத் தொட்டபோது நான்கு கால்களிலே நின்றான், நக்கிக்கொண்டான், நடந்தான். "தெய்வம் காத்தது" என்றார் பக்கத்து வீட்டார். காத்தது அவன் முதுகெலும்பு! 1894ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் மாரே, பூனையொன்றைத் தலைகீழாகப் பிடித்து விடச்செய்து, அது விழும் காட்சியை அடுத்தடுத்துப் படமாக்கினார். இடுப்பிலே உடலை வளைத்து, முன்கால்களை மடக்கி, பின்கால்களை நீட்டி, முதலில் முன்பாதியைத் திருப்புகிறது. பிறகு முன்கால்களை நீட்டிப் பின்கால்களை மடக்கிப் பின்பாதியைத் திருப்புகிறது. பற்றுக்கோடு எதுவும் இல்லாமல் நடுவானிலே நடக்கும் இந்த வேலையைக் கண்டு அந்நாளைய அறிஞர்களே வியந்தார்கள். ஆயினும் மாடியிலிருந்து விழும் பூனைகளுக்குத் தாடையும் மார்பும் அடிபடுவது உண்டு. ஆகவே எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் இடைவெளிகளுக்கு வலை அடித்திருக்கிறேன். வியப்பது வேறு, விட்டுவிடுவது வேறு.

வளர்ப்பதிலேயும் மூடத்தனம் உண்டு, தோழர்களே! பூனை என்றால் பால் என்கிறோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். "சைவப் பூனை" வளர்க்கிறேன் என்று தயிர்ச்சோறு பழக்கும் அன்பர்களையும் அறிவேன். பூனை பிறவிப் புலாலுணவு உயிர். 'டாரின்' என்னும் பொருள் அதன் உணவிலே இல்லையென்றால் கண்ணொளி குன்றும், இதயம் தளரும். அது இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது, தயிர்ச்சோற்றிலே போதிய அளவு இல்லை. இனிப்புச் சுவையை அறியும் உறுப்பும் அதற்கு வேலை செய்வதில்லை. 2005ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் அதற்குரிய மரபணு பூனையினத்திலே பழுதாகிக் கிடப்பதைக் கண்டறிந்தனர். பொங்கலன்று கரிகாலன் சர்க்கரைப் பொங்கலை முகர்ந்துவிட்டுப் போனது அகந்தையால் அன்று! காய்ச்சலென்றால் நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும்.

கருமையைப் பற்றியும் சொல்லவேண்டும். கருமை தீமையின் அடையாளமாம்! 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று அந்தத் தீமையின் வேரைக் காட்டியது: மயிரின் நிறத்தை ஆளும் ஒரு மரபணுவிலே இரண்டே இரண்டு எழுத்துகள் விடுபட்டால், தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்து சேர்ந்தால், குட்டி கருப்பு. அவ்வளவுதான். அச்சுக் கோப்பவர் இரண்டு எழுத்தை விட்டுவிட்டதற்காக ஏட்டையே கொளுத்துவதா?

இந்த அச்சம் நமக்கு மட்டும் உரிய சொத்தும் அல்ல. 1233ஆம் ஆண்டு ஒன்பதாம் கிரிகோரி என்னும் போப்பாண்டவர் வெளியிட்ட மடலிலே, சமயப் பகைவர்களின் சடங்கிலே கருப்புப் பூனை வருவதாக எழுதினார். அதே ஐரோப்பாவின் ஒரு மூலையிலே, இங்கிலாந்திலே, கருப்புப் பூனை குறுக்கே வந்தால் நல்வாய்ப்பு என்போர் பலர்! கப்பலேறியதும் சகுனம் மாறிவிடுகிறதென்றால், மாறியது பூனையா, மக்கள் மூளையா?

நம் பழம்பாட்டனார் இப்படி நடுங்கவில்லை. பாரியின் நாட்டைப் பாடிய கபிலர், முல்லை அரும்பைக் கண்டு காட்டுப்பூனைக் குட்டியின் கூரிய பல்லை நினைத்தார். புறநானூற்றின் 117ஆம் பாட்டிலே காணலாம். அந்தப் பல்லைப் பார்க்க எவ்வளவு அருகே போயிருக்கவேண்டும்! மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்திலே, ஏழாம் நூற்றாண்டின் சிற்பி, முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவஞ்செய்யும் பூனையையும், அதனை நம்பிச் சூழ்ந்து நிற்கும் எலிகளையும் செதுக்கினான். போலித் துறவியை அந்நாளிலேயே கல்லிலே சிரித்திருக்கிறான்! பூனையைக் கண்டு அஞ்சியவன் கையிலே அந்தச் சிரிப்பு பிறந்திருக்குமா?

வடக்கேயும் சிரிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பகவதி சரண் வர்மா என்பார் இந்தியிலே 'பிராயச்சித்தம்' என்றொரு சிறுகதை எழுதினார். பால் திருடும் பூனையை மருமகள் அடித்துவிடுகிறாள், பூனை அசைவற்றுக் கிடக்கிறது, புரோகிதர் வருகிறார், பாவம் தீரப் பொன்னாலே பூனை செய்து தரவேண்டுமென்று எடைக்குப் பேரம் பேசுகிறார். பேரம் முடியும் நேரம், செத்த பூனை எழுந்து ஓடிவிடுகிறது! இந்தி ஆதிக்கத்தை எதிர்ப்போம். இந்தியிலே எழுதிய நல்ல கதையை எதிர்ப்பானேன்?

இனி, எங்கள் தெருவுக்கு வருகிறேன். எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அம்மையார் இருக்கிறார். பெரியம்மா என்றே அழைப்போம். இருபத்து நாலு வயதிலே கணவரை இழந்தவர். இன்று அறுபதைக் கடந்தவர். தெருவிலே எவரேனும் நற்காரியத்துக்குப் புறப்படுகிறார்கள் என்று தெரிந்தால், எவரும் சொல்லாமலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். 1856ஆம் ஆண்டே சட்டம் கைம்பெண்ணின் மறுமணத்துக்கு வழிவிட்டது. தெருவோ, அவர் வாசற்படி தாண்டவும் வழிவிடவில்லை.

மூடிய கதவென்றால் கரிகாலன் விடுவானா? சுவரேறிக் கொல்லை வழியாகப் போய் அவர் மடியிலே உட்கார்ந்துவிட்டான். நான் தேடிப் போனபோது பெரியம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, இந்தத் தெருவிலே எதிரே வரக்கூடாத உயிர் ரெண்டு. ஒண்ணு நான், இன்னொண்ணு இது. நாங்க ரெண்டு பேரும் யாருக்கும் குறுக்கே போகாம இப்படி உட்கார்ந்திருக்கோம், இருந்துட்டுப் போகட்டுமே."

அந்தச் சிரிப்பை என்னால் அன்று முழுதும் பொறுக்க முடியவில்லை.

2022 ஆவணியிலே ஒரு வீட்டார் பெண் பார்க்கப் புறப்பட்டார்கள். வண்டி நகரும் நேரம் கரிகாலன் குறுக்கே ஓடினான். வண்டி நின்றது, முகங்கள் கறுத்தன, போனார்கள். அந்த இடம் அமையவில்லை. வரதட்சணைத் தொகையிலே உடன்பாடு வராமல் பேச்சு முறிந்தது என்பது ஊரறிந்த செய்தி. ஆனால், பழி? பேராசை குற்றமற்று வெளியே வந்தது. பூனை குற்றவாளிக் கூண்டிலே ஏறியது! இரண்டு நாள் கழித்துக் கரிகாலனைக் காணவில்லை. சாக்கிலே கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிட்டார்கள் என்று ஒரு சிறுவன் சொன்னான். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டிலிருந்து நாட்டிலே இருக்கிறது. முதல் குற்றத்துக்குத் தண்டம் அதிகமாகப் போனால் 50 ரூபாய் என்று அன்று எழுதினார்கள். அந்தத் தொகைக்கு இன்று ஒரு நல்ல சாக்குகூடக் கிடைக்குமா என்பது ஐயமே!

நானும் தேடினேன், என் தம்பியும் தேடினான். மூன்றாம் நாள் விடியலிலே பெரியம்மா, தாமாகவே கதவைத் திறந்துகொண்டு தெருவிலே இறங்கினார். கையிலே மூடிபோட்ட பிளாஸ்டிக் கூடை, அதனுள்ளே வறுத்த கருவாட்டுத் துண்டு. ஒவ்வொரு வாசலிலேயும் நின்று, "கருப்புப் பூனையைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். கோலமிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எவருக்கும் வாய் எழவில்லை. நெல் அரைவை ஆலையின் உத்தரத்திலே அவன் இருந்தான். ஆலைக்காரர், "எலித்தொல்லை மூணு நாளா இல்லைங்க, இங்கேயே விட்டுட்டுப் போங்களேன்" என்று கெஞ்சினாராம். சகுனத்தடை ஓரிடத்திலே; கிலோமீட்டருக்கு அப்பால் அதுவே பாதுகாவலன்! கருவாட்டு மணத்துக்கு இறங்கியவன், கூடைக்குள் புகுந்து தெரு நடுவாக வந்தான். மணி ஒன்பது. முகூர்த்த நாள். எதிரே பட்டுப் புடைவைகள். பெரியம்மா ஒதுங்கவில்லை.

சாக்கிலிருந்து வெளிவரப் போராடியதிலே அவன் நகம் ஒன்று பிய்ந்திருந்தது. மருந்து போடும்போது வலி தாளாமல் என் விரலைக் கடித்தான். மந்திரித்துக்கொள் என்றார் ஒருவர். மிளகாய் வைத்துக் கட்டு என்றார் மற்றொருவர். நான் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். பூனைக்குத் தடுப்பூசி போட்டிருந்தது. ஆயினும் மூன்று நாள் வெளியே எங்கே திரிந்தது, எதனோடு சண்டையிட்டது என்று யார் கண்டார்? வெறிநோய் முற்றியபின் மருந்தில்லை. 1885ஆம் ஆண்டு பாரிசிலே லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்குப் போட்ட ஊசியின் வழிவந்த மருந்து இது. நம் குன்னூரிலேயே 1907ஆம் ஆண்டு முதல் அதற்கென ஒரு நிலையம் இருக்கிறது. மந்திரத்துக்கு அப்படியொரு கணக்குப் புத்தகம் உண்டா?

கரிகாலன் இப்போது ஆறு வயதைத் தாண்டிவிட்டான். கருத்தடை அறுவை செய்தபின் ஊர்சுற்றலும் சண்டையும் குறைந்தன, ஆராய்ச்சி குறையவில்லை. சென்ற கிழமை தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் உட்கார்ந்து, குழாயிலே காற்று சீறும் ஓசைக்குக் காரணம் தேடினான். பகலிலே பெரியம்மா வீடு, இரவிலே எங்கள் வீடு என்று அவனாகவே வகுத்துக்கொண்டான். நாளைக்கு ஆண்டுத் தடுப்பூசி. கூடையிலே வைத்து அவர்தான் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போகிறார். காலை ஒன்பது மணிப் பேருந்து. தெருக்கோடி வீட்டிலே நாளை நிச்சயதார்த்தமாம், பந்தல் போட்டிருக்கிறார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு அதைக் கடந்துதான் போகவேண்டும்.