கடைமடைக்கு வர்ற விருந்தாளிங்க

"பூநாரை பார்க்க எப்போ வரலாம்?" மாசத்துக்கு ரெண்டு பேராவது இப்படிக் கேட்டு எழுதுறீங்க. ஒரே வரியில சொல்லணும்னா மார்கழி, தை. ஆனா அந்த ரெண்டு மாசம் மட்டும் எட்டிப் பார்த்தா, கல்யாண வீட்டுக்குப் பந்தி நேரத்துக்கு மட்டும் வந்துட்டுப் போன கதைதான். அதனால வருஷம் முழுக்க இங்க யார் யார் வர்றாங்க, போறாங்கன்னு ஒரு சுற்று சொல்லிடறேன்.

என் நிலம் வேதாரண்யத்துக்கு வடக்கே, மூணேகால் ஏக்கர். காவிரித் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடை. தெற்கே போனா உப்பளம், அதைத் தாண்டினா கோடியக்கரை காடும் சதுப்பும். 1967ல அதைச் சரணாலயமா அறிவிச்சாங்க. 2002ல ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்துச்சு. ஆனா பறவைக்கு அந்த எல்லைக்கல் எல்லாம் தெரியாது. அங்க தங்கும், எங்க வயல்ல மேயும்.

சித்திரை, வைகாசியில நிலம் வெடிச்சுக் கிடக்கும். அப்போ வயலுக்குச் சொந்தக்காரர் ஆள்காட்டிதான். கூடு கட்டுற வேலையே கிடையாது. வெறும் தரையில நாலு முட்டை, மண்ணாங்கட்டி நிறத்துல. பக்கத்துல போனா தலைக்கு மேல பறந்து கத்தித் தீர்த்துடும். கோடை உழவு ஓட்டும்போது முட்டை இருக்குற இடத்துல ஒரு குச்சியை நட்டு வச்சிடுவேன். டிராக்டர் ஓட்டுற தம்பி அதைச் சுத்தி ஒதுக்கி ஓட்டிடுவார். அதனால எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல.

பயிர் பச்சை கட்டினதும் தூக்கணாங்குருவி வேலையை ஆரம்பிக்கும். நெல் தோகையை நார் நாராக் கிழிச்சு ஆண் குருவி பாதிக் கூடு கட்டும். பெட்டை வந்து பார்த்துப் பிடிச்சாத்தான் மீதி. ராத்திரி வெளிச்சத்துக்கு மின்மினிப் பூச்சியைக் களிமண்ணுல ஒட்டி வைக்கும்னு எங்க அப்பாயி சொல்லும். காத்துல விழுந்த கூட்டைப் பிரிச்சுப் பார்த்திருக்கேன். களிமண்ணு இருந்துச்சு, மின்மினியைக் காணோம்.

ஆவணி, புரட்டாசியில சம்பாவுக்கு நேரடி விதைப்பு. அப்பவே வெளியூர்க்காரங்க இறங்க ஆரம்பிச்சிடுவாங்க. முதல்ல வர்றது உள்ளான் கூட்டம். அதுல கொசு உள்ளான்னு ஒண்ணு, சிட்டுக்குருவி அளவுதான், எடை 25 கிராம் பக்கம் இருக்கும். சைபீரியாவோட வடக்குக் கோடி பனிப் பிரதேசத்துல பொரிச்ச குஞ்சு, நம்ம சேத்துல வந்து புழு பொறுக்குது. அதே சமயம் ஆறுமணிக்குருவியும் கண்ணுல படும். ஒன்பது நிறம் இருக்கும் உடம்புல. காலையிலயும் சாயங்காலமும் ஆறு மணி வாக்குல கூப்பிடும், அதான் பேரு. வடக்கேருந்து வர்றதுல கொஞ்சம் கோடியக்கரையில இளைப்பாறிட்டு, கடலைத் தாண்டி இலங்கைக்குப் போயிடும்.

ஐப்பசி மழையோட தகைவிலான் கரண்டுக் கம்பியில வரிசை கட்டும். கார்த்திகையில ஊசிவால் வாத்து, கிளுவை எல்லாம் சதுப்புல இறங்கும். 2018 நவம்பர் 16, கஜா புயல் அடிச்ச விடியக்காலை இப்பவும் கண்ணுல நிக்குது. தென்னை, மா எல்லாம் வேரோட சாய்ஞ்சு கிடந்துச்சு. அதைவிட என்னை உலுக்கினது, ஒரு காக்கா சத்தம்கூட இல்லாத அந்தக் காலைதான்.

மார்கழி, தையில பூநாரை. தலையைக் கவுத்து அலகைத் தலைகீழாத் தண்ணியில விட்டு அரிச்சுத் தின்னும். அந்த ரோசாப்பூ நிறம் தின்கிற பாசி, சின்ன இறால்ல இருந்து வர்றது. குஞ்சு சாம்பலாத்தான் இருக்கும். குஜராத் கட்ச் பாலைதான் அதுங்க பெருங்கூட்டமாக் கூடு வைக்கிற இடம். பங்குனிக்குள்ள விருந்தாளிங்க பெரும்பாலும் கிளம்பிடும்.

இந்தக் கூட்டத்துல எனக்கு ரொம்ப வேண்டியவர் நத்தைகுத்தி நாரை. அழகெல்லாம் கிடையாது. அலகை மூடினாலும் நடுவுல இடுக்கு தெரியும். உதயமார்த்தாண்டபுரம் சரணாலயத்துல கூடு கட்டுற ஜாதி. தண்ணி நிக்கிற வயல்ல நத்தை, நண்டு பொறுக்க வரும். வரப்புல வளை போடுற நண்டைத் தின்னா எனக்குத்தானே லாபம்?

என் நிலத்துக்குக் கிழக்கால பங்காளி நிலம் ஆறு வருஷமா இறால் குட்டை. குத்தகைக்கு எடுத்தவர் போன ஆடியில என்கிட்டயும் வந்தார். "அண்ணே, மூணேகாலையும் குடுத்துடுங்க, வருஷாவருஷம் உக்கார்ந்த இடத்துல பணம்" என்றார். அவர் சொன்ன தொகை, சம்பாவும் உளுந்தும் சேர்ந்து எனக்குக் கையில நிக்கிறதைவிட அதிகம். பொய் இல்ல.

வீட்டுல பேச்சு வந்தப்போ நான் நத்தைகுத்தியைப் பத்திச் சொன்னேன். மூணு வருஷமா அது மேக்கு வரப்பு ஓரம் வருது, கிழக்கு வரப்பு ஓரம் வர்றதில்ல. கிழக்கால நெல்லும் நுனி கருகுது. உப்பு ஊறின தண்ணியில நத்தை நிக்காது. நத்தை இல்லாத இடத்துல அதுக்கு என்ன வேலை? குட்டைக்கு நிலத்தைக் குடுத்தா, திரும்பி வரும்போது அது வயலா வராது.

"நத்தைகுத்தியா வந்து சொசைட்டி கடனைக் கட்டப் போவுது?" என்றாள் வீட்டுக்காரி. ஞாயமான கேள்விதான். பையன் திருப்பூர்லேருந்து போன்ல அவன் அம்மா பக்கம்தான் பேசினான். ரெண்டு நாள் வீட்டுல யாரும் சரியாப் பேசல. அப்புறம் அவளே கிழக்கு வரப்புக்கு வந்து, மண்ணைக் கிள்ளி நாக்குல வச்சுப் பார்த்தாள். துப்பிட்டு, "இந்த வருஷம் போகட்டும்" என்றாள்.

அதனால கிழக்கால அரை ஏக்கருக்கு மட்டும் இந்த முறை குழியடிச்சான் விதைச்சிருக்கேன். உப்புத் தாங்கும்னு எங்க பக்கத்துப் பெரியவங்க வச்சிருந்த பழைய நெல். விளைச்சல் கம்மி, ஆனா கருகாம நின்னா போதும். நடுவுல தண்ணி போக ஒரு வடிகாலும் வெட்டியிருக்கேன். அடுத்த ஆடியில குத்தகைக்காரர் மறுபடி வருவார். அதுக்குள்ள தை அறுவடைக் கணக்கு என் கையில இருக்கணும்.

நீங்க வரும்போது ஒண்ணே ஒண்ணு. போட்டோவுல பறக்குற மாதிரி விழணும்னு கல்லெறிஞ்சு கிளப்பாதீங்க. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து களைச்ச உடம்பு அது. அப்படியே எங்க வயல் பக்கமும் வாங்க. கிழக்கு வரப்புல நத்தைகுத்தி நின்னா, எந்த நேரமா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க.