எனக்குத் தெரிந்தே நடந்தது

ஆதரவு தேவைப்படும் ஆண் பிள்ளைகளுக்கான ஓர் இல்லத்தில் நான் கண்காணிப்பாளராக இருந்தேன். பிள்ளையை அடித்தவன் நான் இல்லை. அடித்தவரை மெச்சியவன் நான். அவருக்கு ஓய்வு கொடுக்காமல் வேலை வாங்கியவன் நான். விஷயம் வெளியே வந்ததும் மொத்தப் பழியையும் அவர் தலையில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டவனும் நான்தான். இல்லத்தின் பெயரையும் ஊரையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தப் பையன் யாரென்று தெரிந்துவிடும். மற்ற எதையும் மறைக்கவில்லை.

எங்களிடம் வரும் பிள்ளைகளில் தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள் குறைவு. அப்பா குடிகாரராக இருப்பார். அம்மா வேறு கல்யாணம் செய்துகொண்டு போயிருப்பார். கடனுக்கு ஈடாகச் சூளையில் விடப்பட்டவன் இருப்பான். ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டவன் இருப்பான். குழந்தைகள் நலக் குழு விசாரித்து, உத்தரவு போட்டு எங்களிடம் அனுப்பும். பெரியவர்களை நம்பிக் கெட்ட பிள்ளைகள் அவர்கள். அவர்களோடு இரவும் பகலும் இருப்பது கண்காணிப்பாளர் அல்ல. இல்லத் தந்தையும் சமையலம்மாவும் வாட்ச்மேனும்தான். அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளம் அதற்குத்தான்.

திங்கட்கிழமைதோறும் ஊழியர் கூட்டம் நடத்துவேன். "பிரச்சனையைத் தூக்கிக்கிட்டு வராதீங்க, தீர்வோட வாங்க" என்பேன். ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் காதில் விழுந்த வாசகம். அதைச் சொல்லும்போதெல்லாம் என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருக்கும். பெரிய பையன்கள் சின்னவர்களின் முட்டையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று சமையலம்மா ஒருமுறை சொன்னார். "பார்த்துப் பரிமாற மாட்டீங்களாம்மா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அதற்குப் பிறகு அந்தம்மா கூட்டத்தில் வாய் திறந்ததே இல்லை. மற்றவர்களும் பாடம் படித்துக்கொண்டார்கள். வாரா வாரம் ஒரே பதில்தான்: "எல்லாம் நல்லாப் போகுது சார்." என் நிர்வாகத் திறமைக்கு அதுவே சான்று என்று நம்பினேன்.

புகார்ப் பெட்டியை எங்கே மாட்டியிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அறை வாசலை ஒட்டிய தூணில். நாற்காலியில் உட்கார்ந்தபடியே யார் சீட்டுப் போடுகிறார்கள் என்று என்னால் பார்க்க முடியும். எந்தப் பையன் போடுவான்? ஆய்வுக்கு வருபவர்களிடம் அந்தக் காலிப் பெட்டியைத் திறந்து காட்டி, "எங்க பசங்களுக்குக் குறையே இல்லை" என்றிருக்கிறேன்.

பெரிய பையன்களின் ஹாலை ஓர் இல்லத் தந்தை கவனித்துக்கொண்டார். பையன்கள் அவரை "அண்ணே" என்று கூப்பிடுவார்கள். விளக்கை அணைத்துவிட்டால் அந்த ஹாலில் ஒரு சத்தம் இருக்காது. வந்து பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள். "அவரைப் பார்த்துக் கத்துக்குங்க" என்று மற்ற ஊழியர்களிடம் சொல்வேன். முப்பது பையன்கள் படுத்திருக்கும் ஹாலில் அப்படி ஓர் அமைதி எப்படி வந்தது என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் நூறு பிள்ளைகள் இருக்கும் இல்லத்துக்கு நான்கு இல்லத் தாய் அல்லது தந்தை வேண்டும் என்கின்றன. எங்களிடம் அதில் பாதிப் பிள்ளைகள். ஆக, இருவர் தேவை. ஓர் இடம் காலியாகி, காலியாகவே கிடந்தது. ஆள் கிடைக்கவில்லை என்று கோப்பில் எழுதினேன். உண்மையில் நான் ஆள் தேடவில்லை. சம்பளம் மிச்சமானது, அறங்காவலர்கள் என்னைச் சிக்கனக்காரன் என்று பாராட்டினார்கள். இருவர் வேலையை அந்த ஒருவர் பார்த்தார். இரவு விழித்திருந்தவரே காலையில் பிள்ளைகளைக் குளிக்க வைத்துப் பள்ளிக்குக் கிளப்பினார். வாரத்தில் ஒரு நாளாவது ஊருக்குப் போய்வர வேண்டும் என்று கேட்டார். "நீங்க இல்லேன்னா ஹால் நிக்காதுங்க" என்றேன். அது பாராட்டு என்று அவர் நினைத்துக்கொண்டார். அவரைக் கட்டிப்போட எனக்கு வேறு கயிறு தேவைப்படவில்லை.

அந்த ஹாலில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இருந்தான். இரவில் படுக்கையை நனைத்துவிடுவான். பயந்த பிள்ளைகளிடமும் வீட்டைப் பிரிந்த பிள்ளைகளிடமும் இது சாதாரணம். மருத்துவரிடம் காட்ட வேண்டும், மாலைக்கு மேல் தண்ணீரைக் குறைக்க வேண்டும், இரவில் ஒருமுறை எழுப்பிவிட வேண்டும், ஒருபோதும் தண்டிக்கக் கூடாது. இதை ஊழியர்களுக்கு வகுப்பாக எடுத்தவனே நான்தான். அதே வகுப்பில் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 82ஆம் பிரிவையும் படித்துக் காட்டுவேன். இல்லத்தில் பிள்ளையை அடித்தால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம்; மீண்டும் செய்தால் மூன்று மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்; தண்டனை பெற்றவர் வேலையை விட்டு நீக்கப்படுவார், பிள்ளைகளோடு நேரடியாகப் பழகும் வேலைக்குப் பிறகு வர முடியாது. ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வழி எனக்கு இல்லை.

2019இல் ஒரு காலை. எங்கள் ஆற்றுப்படுத்துநர் என் அறைக்கு வந்தார். சமூகப்பணி படித்துவிட்டு நேராக எங்களிடம் வேலைக்குச் சேர்ந்த பெண். அந்தப் பையனின் கோப்பைக் கையில் வைத்திருந்தார். அன்றைய பக்கத்தில் நீல மையில் அவர் எழுதியிருந்ததைப் படித்தேன். இரண்டு கெண்டைக்காலிலும் தடிப்பு. நனைந்த போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை வராந்தாவில் நிற்க வைக்கப்பட்டதாகப் பையன் சொல்கிறான். அடித்தது இல்லத் தந்தை. கீழே நேரமும் கையெழுத்தும். படிப்பு சொல்லிக்கொடுத்தபடி, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருந்தார்.

நான் முதலில் பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. "இதை வேற யார் பார்த்தாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் பார்க்கல சார்."

"அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் வருதும்மா. இப்படியா எழுதுறது?"

"வேற எப்படி சார் எழுதுறது?"

அந்தப் பெண் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் கோப்பை வாங்கினேன். அவர் எழுதியதன் கீழே கறுப்பு மையில் எழுதினேன்: "நேரில் விசாரிக்கப்பட்டது. விளையாடும்போது ஏற்பட்ட காயம்." நான் யாரையும் விசாரிக்கவில்லை. பையனை அழைத்து அவன் காலைக்கூடப் பார்க்கவில்லை. "இனிமே இந்த மாதிரி இருந்தா வாயால சொல்லுங்க, எழுதாதீங்க" என்றேன். அவர் கோப்பை எடுத்துக்கொண்டு போனார்.

எது என்னை அப்படிச் செய்ய வைத்தது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். 2018இல் பிகாரின் முசாபர்பூர் இல்லத்துச் சிறுமிகளுக்கு நடந்த கொடுமை வெளியே வந்திருந்தது. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் தணிக்கை அறிக்கைதான் அதை வெளிக்கொண்டு வந்தது. அதன் பிறகு எல்லா இல்லங்கள் மீதும் பார்வை கடுமையானது. எங்கே பதிவை ரத்து செய்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. பயத்தைவிடப் பெரிதாக இருந்தது கர்வம். நான் ஊரறிய மெச்சிய ஆள் பிள்ளையை அடிக்கிறார் என்றால், என் கணிப்பு பொய் என்று ஆகிவிடும். பிள்ளைகள் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்று பார்க்க வந்த ஆய்வையே, ஒரு பிள்ளையின் காயத்தை மறைக்கக் காரணமாக்கிக்கொண்டேன்.

இல்லத் தந்தையிடம் அன்று மாலை பேசினேன். கண்டிக்கவில்லை. "கொஞ்சம் பார்த்து நடந்துக்குங்க, அடையாளம் படாம" என்றேன். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை நான் சொன்னேன். வாய் தவறி வந்ததல்ல.

பையனுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. சொன்னாலும் ஒன்றும் நடக்காது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அடுத்து ஆற்றுப்படுத்துநர் கூப்பிட்டபோது, ஒன்றுமில்லை அக்கா என்று மட்டும் சொன்னானாம். முழு ஆண்டுத் தேர்வுக்குச் சில வாரங்கள் இருந்தபோது ஓர் இரவு சுவர் ஏறிக் குதித்து ஓடிப்போனான். இரண்டு மாவட்டம் தாண்டி ஒரு ரயில் நிலையத்தில் யாரோ 1098க்குத் தகவல் சொல்லி, மீட்டார்கள். அங்குள்ள குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் அவன் எல்லாவற்றையும் சொன்னான். போர்வையைச் சொன்னான், பிரம்பைச் சொன்னான். "அக்கா எழுதினாங்க" என்றும் சொன்னான்.

விசாரணை வந்தது. "இது உங்கள் கவனத்துக்கு வந்ததா?" என்று கேட்டார்கள். "வரவில்லை மேடம்" என்றேன். கோப்பில் இருந்த கறுப்பு மையைக் காட்டினார்கள். விளையாட்டுக் காயம் என்று இல்லத் தந்தை சொன்னதை நம்பி எழுதினேன் என்றேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

என் பொய்யை உடைக்கக்கூடிய ஒரே சாட்சி அந்த ஆற்றுப்படுத்துநர். அப்போது அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. அனுபவச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருந்தார். "விசாரணை முடியட்டும்மா, பார்த்துக்கலாம்" என்றேன். மிரட்டல் என்று யாரும் குற்றம் சாட்ட முடியாத வார்த்தைகள். அவருக்குப் புரிந்துவிட்டது. என்னிடம் காட்டினாரா என்ற கேள்விக்கு, நினைவில்லை என்று குழு முன் சொன்னார். மறுநாளே சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பணியில் நேர்மையானவர் என்று அதில் எழுதியிருந்தேன். அதை வாங்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வேலையே வேண்டாம் என்று பிறகு ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இல்லத் தந்தை குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் கட்டினார். வேலை போனது. பணிநீக்க உத்தரவில் கையெழுத்துப் போட்டவன் நான். அவர் அடித்தது குற்றம். களைப்பு அதற்குச் சமாதானம் ஆகாது. ஆனால் அவர் விடுப்பு கேட்ட சீட்டுகளை நிராகரித்தது யார், அடையாளம் படாமல் என்று சொன்னது யார் என்பதை அவர் குழுவிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவும் வந்ததில்லை.

இதைவிடக் கேவலமானது ஒன்று மிச்சம் இருக்கிறது. பையனை வேறு மாவட்ட இல்லத்துக்கு மாற்றினார்கள். அவன் அந்த வருடத் தேர்வை எழுதவில்லை. கோப்போடு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் நான் எழுதினேன்: "பொய் சொல்லும் பழக்கமும் ஓடிப்போகும் இயல்பும் உடையவன்." என் பொய் நிற்க வேண்டுமென்றால் அவன் பொய்யனாக இருக்க வேண்டும். அதற்காக எழுதினேன். இல்லத்துப் பிள்ளை போகும் இடமெல்லாம் அவனுக்கு முன்னால் அவன் கோப்பு போகும். புது இல்லத்தில் அவனை யாரும் பார்ப்பதற்கு முன்பே அந்த வரியைப் படித்திருப்பார்கள். அங்கே அவன் மறுபடி ஒரு புகார் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?

இவ்வளவுக்குப் பிறகும் நான் அந்த நாற்காலியில் தொடர்ந்து இருந்தேன். ஊழியர்களைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஒரு மெமோ வந்தது. பதில் எழுதினேன். அதோடு முடிந்தது. முறைப்படி வயதாகி ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், நல்ல நிர்வாகி என்று பேசினார்கள். நானும் கேட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தேன்.

82ஆம் பிரிவில் இன்னோர் உட்பிரிவும் உண்டு. விசாரணைக்கு இல்ல நிர்வாகம் ஒத்துழைக்காவிட்டால், பொறுப்பில் இருப்பவருக்கு மூன்றாண்டுக்குக் குறையாத சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். வகுப்பெடுக்கும்போது அந்த வரியை மட்டும் வேகமாகப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். ஒரு பிள்ளையை அடித்த கைக்குப் பத்தாயிரம் என்றால், அதை மூடிமறைத்தவனுக்குச் சட்டம் எவ்வளவு பெரிய தண்டனை வைத்திருக்கிறது என்று பாருங்கள். காரணம் இருக்கிறது. அடித்தவரால் ஒரு பையனுக்குக் காயம். மறைத்தவனால் அந்த இல்லத்தில் யாருமே உண்மையைச் சொல்ல முடியாமல் போகிறது.

பையனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். அவன் முன்னால் போய் அழுதால் என் பாரம் இறங்கும். அவனுக்கு அதனால் ஒரு பைசா பிரயோசனம் இல்லை. அதனால் குழந்தைகள் நலக் குழுவுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். கறுப்பு மையில் இருப்பது என் பொய். விசாரணையில் சொன்னதும் பொய். அந்தப் பெண் மறந்ததாகச் சொன்னதற்குக் காரணம் நான் நிறுத்தி வைத்த சான்றிதழ். அறிக்கையில் பையனைப் பற்றி எழுதியதை நீக்க வேண்டும். கூப்பிட்டால் வந்து இதையே சொல்லக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

அவனுக்கு 18 வயது கடந்திருக்கும். இல்லத்தை விட்டு வெளியே வந்திருப்பான். சட்டப்படி 21 வயது வரை தங்குமிடம், படிப்பு, தொழிற்பயிற்சி என்று பிற்காப்பு உதவி கேட்க அவனுக்கு வழி உண்டு. அதற்கு விண்ணப்பித்தால் முதலில் எடுத்துப் புரட்டுவது அவன் கோப்பைத்தான். 21 முடிய இன்னும் கொஞ்சம் காலம் இருக்கிறது. அதற்குள் அந்த வரியை அடித்துவிட்டால் போதும். என்னை என்ன செய்வது என்பதை அப்புறம் முடிவு செய்துகொள்ளட்டும்.