கோயில் மணியில் இருந்த ஊர்ப் பேரு

திருப்பணி வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விசயம் சொல்லணும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

"எங்க பூட்டன் எந்த ஊரு?" என்று இப்போ பிள்ளைங்க கேட்கிறாங்க. பதில் சொல்ல வேண்டிய பெரியவங்க ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். "சேலம் பக்கம்" என்று பாட்டி சொன்னதோடு சரி. பாட்டி ஐசியில் பிறந்த வருசம் மட்டும்தான் இருக்கு. தாத்தா பேரு அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, ஐசியில் வேறு மாதிரி. தோட்டத்துக் கிராணி காதில் விழுந்ததை இங்கிலீசில் எழுதினார், அதுவே பேராகிப் போச்சு.

அதனால அண்ணன் தம்பிங்க நாங்க மூணு பேரும் சாமியிலிருந்து தேட ஆரம்பித்தோம். ஆடி மாசம் எங்க வீட்டுல பெரியண்ணசாமிக்குப் படையல் போடுவோம். கொல்லிமலையில் மாசி பெரியண்ணசாமி கோயில் இருக்கு. 1997-இல் நாமக்கல் மாவட்டம் பிரியும் வரைக்கும் அந்த மலை சேலம் மாவட்டம்தான். ஆனா அந்தச் சாமியைக் கும்பிடுறவங்க மலையைச் சுற்றிப் பல ஊர்ல இருக்காங்க.

மீதியைச் சொன்னது தோட்டத்து மாரியம்மன் கோயிலின் பழைய மணி. தோட்டத்தை வித்து எல்லாரும் தாமானுக்கு மாறினபோது அம்மனோடு மணியும் வந்தது. சாமான் அறையில் கிடந்ததைப் புளி போட்டுத் தேய்த்தோம். விளிம்பில் எழுத்து: கங்காணி உபயம், 1934, திருச்சி ஜில்லா, முசிரி தாலுகா. ஊர்ப் பேரு பாதி தேய்ஞ்சு போயிருந்தது. கொல்லிமலையிலிருந்து திருச்சிப் பக்கம் இறங்கினா துறையூர், முசிரிதான். பாட்டி சாமி இருக்கிற மலையைச் சொல்லியிருக்காங்க, மணி தாலுகாவைச் சொல்லிச்சு. எங்க மூத்த அண்ணன் ரொம்ப நேரம் அந்த மணியை விட்டு நகரவே இல்லை.

அந்தக் கங்காணி எங்க சொந்தம் இல்லை. ஆனா கங்காணிங்க பெரும்பாலும் சொந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும்தான் ஆள் சேர்த்தாங்க. நாகப்பட்டினத்திலோ மெட்ராசிலோ கப்பல் ஏத்தி, பினாங்கில் இறக்கி, தோட்டத்துக்குக் கொண்டு வருவாங்க. 1938-இல் இந்திய அரசாங்கம் இப்படி ஆள் அனுப்புறதைத் தடை பண்ணிடுச்சு. அதனால, கங்காணி கூட்டி வந்த பூட்டன் என்றால் அதற்கு முந்தி வந்தவர். உங்க குடும்பப் பேரு கல்லுல இல்லாட்டியும் கங்காணி ஊரைக் கண்டுபிடிங்க, பாதி வேலை முடிஞ்சது.

பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டைக்குப் போனவங்க, பக்கத்துல இருக்கிற மாரியம்மன் கோயிலையும் பார்த்திருப்பீங்க. 1915-இல் ஆரம்பிச்ச கட்டட வேலையில ஆளுங்க காய்ச்சலில் சாக, மிச்சம் இருந்தவங்க அம்மனுக்குக் கோயில் கேட்டாங்களாம். துரை கெல்லி ஸ்மித்தும் சம்மதிச்சார். தொப்பி போட்ட துரை சிலை கோயில் மேலேயே நிக்குது. அவர் 1926-இல் லிஸ்பனில் இறந்தது வரைக்கும் சொல்லுவாங்க. கோயில் கேட்டவங்களை மட்டும் "தொழிலாளிங்க" என்று ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க.

இப்போ நம்ம கோயில் சுவருக்குப் புது டைல்ஸ் ஒட்டப் போறோம். பழைய உபயக் கல்லை உடைச்சு எடுத்துடலாம்னு ஒரு பேச்சு இருக்கு. வேற ஒரு தோட்டத்துக் கோயிலில் அப்படித்தான் எல்லாம் லாரியில் மண்ணோடு போச்சு, நாங்களே பார்த்தோம். நம்ம கோயில்ல அது நடக்கக் கூடாது. ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்து, நோட்டுல எழுதி, முழுசா எடுத்து மண்டபத்துச் சுவரில் பதிக்கணும்னு கமிட்டியிடம் கேட்டிருக்கோம். தேய்ஞ்ச எழுத்துல சாக்பீஸ் தேய்ச்சாத் தெரியும். எங்க ஃபேக்டரியில் மெஷின் நம்பரை அப்படித்தான் படிப்போம்.

கல்லுல பொம்பளைங்க பேரு ரொம்பக் கம்மி. பாட்டி பிறந்த ஊரு, அவங்க அம்மா பேரு எல்லாம் வாயால கேட்டாத்தான் உண்டு.

வர்ற ரெண்டு ஞாயிறும் காலை பூசை முடிஞ்சதும் நோட்டோட மண்டபத்துல இருப்போம். குலதெய்வம் எது, எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, இது போதும். நடக்க முடியாத பெரியவங்க இருந்தா சொல்லுங்க, நாங்க வீட்டுக்கே வர்றோம்.