குதிரை லத்தியும் ஒரு ரண ஜன்னி வார்டும்

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க 🙏

1/ 1900-ஐ ஒட்டி நியூயார்க்கில் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. தெருவோரம் ஒரு குதிரை செத்துக் கிடக்கும். பக்கத்திலேயே குழந்தைகள் விளையாடிக்கிட்டு இருப்பாங்க. அந்த ஊருக்கு அது அன்றாடக் காட்சி.

2/ அப்போ அந்த நகரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் குதிரைகள். ஒரு குதிரை நாளொன்றுக்குப் போடும் லத்தி சராசரியா 10 கிலோன்னு வைங்க. பெருக்கிப் பார்த்தா தினமும் 1,000 டன்! மூத்திரம் தனிக்கணக்கு. மழை பெஞ்சா சேறு, வெயில் அடிச்சா தூசி. அந்தத் தூசியைத்தான் மூச்சா இழுத்தாங்க.

3/ நாத்தத்தை விடுங்க. ஈக்கு லத்தி பிரசவ வார்டு மாதிரி. கோடையில் முட்டை பத்து நாளுக்குள்ள ஈயாகிப் பறக்கும். அது கழிப்பறைக் குழியில் உக்காரும், அடுத்து பால் குவளையில் உக்காரும். டைஃபாய்டு, குழந்தைகளின் கோடைக்கால வயிற்றுப்போக்கு பரவ இதுவும் ஒரு வழி.

4/ இன்னொண்ணு, டெட்டனஸ். நம்ம ஊர்ல ரண ஜன்னி. அந்தக் கிருமி குதிரையின் குடலில் வாழும், லத்தியோட வெளியே வரும். அதன் வித்துகள் மண்ணில் வருஷக்கணக்கா உயிரோட கிடக்கும். ஒரு ஆணிக்குத்து போதும்.

5/ நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு அம்மாவைப் பார்த்தேன். தெரு கூட்டுறவங்க. காலில் ஆணி ஏறி, மஞ்சள் வச்சுக் கட்டிட்டு வேலைக்குப் போயிட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு வாயைத் திறக்க முடியல. இருட்டு அறையில் படுக்க வச்சோம். கதவு சத்தம் கேட்டாலே உடம்பு வில்லா வளையும். நினைவு மட்டும் முழுசா இருந்துச்சு. ஒன்பதாம் நாள் போயிட்டாங்க. கடைசியா எப்போ ஊசி போட்டீங்கன்னு அவங்களை அதுக்கு முன்னாடி யாருமே கேட்டதில்லையாம்.

6/ நியூயார்க்குக்கு வருவோம். "கார் வந்துச்சு, பிரச்சினை தீர்ந்துச்சு"ன்னு சொல்லுவாங்க. பாதிதான் உண்மை. 1895-ல் ஜார்ஜ் வாரிங் என்ற பொறியாளர் தெருத் துப்புரவுத் துறைக்குத் தலைவரா வந்தார். அதுவரை கட்சிக்காரங்களுக்குத் தானம் பண்ணின வேலை அது. அவர் வேலை செய்றவங்களைச் சேர்த்தார், வெள்ளைச் சீருடை கொடுத்தார். 1896-ல் அவங்களை ஐந்தாம் அவென்யூவில் அணிவகுத்து நடக்க வச்சார். "வெள்ளை இறக்கைகள்"னு ஊர் பேர் வச்சுது.

7/ தெருவில் அதே குதிரைகள்தான். ஆனா தரை தெரிய ஆரம்பிச்சுது! நகரத்தின் இறப்பு விகிதமும் அந்த வருஷங்களில் இறங்கிச்சு. துடைப்பம் மட்டும் காரணம்னு ஒரு மருத்துவரா நான் சொல்ல மாட்டேன். 1893-லிருந்து நேத்தன் ஸ்ட்ராஸ் ஏழைக் குழந்தைகளுக்குக் கிருமி நீக்கிய பால் கொடுத்துட்டு இருந்தார், அதுக்கும் பங்கு உண்டு. ஆனா கார் வர்ற வரைக்கும் காத்திருக்கத் தேவையே இல்லைன்னு அந்தத் துடைப்பம் காட்டிச்சு.

8/ வாரிங் 1898-ல் கியூபா போனார். ஹவானா நகரத்தைச் சுத்தம் பண்ண வழி ஆராயும் வேலை. திரும்பி வந்ததும் மஞ்சள் காய்ச்சலில் இறந்துட்டார். அழுக்கோட மல்லுக்கட்டுறவங்களைத்தான் நோய் முதல்ல தொடுது. அன்னைக்கும் சரி, எங்க வார்டிலும் சரி.

9/ அதனால ஒரே ஒரு வேண்டுகோள். டெட்டனஸ் ஊசி போட்டு பத்து வருஷம் ஆச்சுன்னா போட்டுக்கோங்க. நாளைக்குக் காலையில் உங்க தெருவைக் கூட்ட வர்றவங்ககிட்டயும் கேளுங்க: "ஊசி போட்டீங்களாம்மா?"

நான் அந்தக் கேள்வியை ஒன்பது நாள் தாமதமாக் கேட்டேன்.